ஒட்டு பிடித்துவிட்டது: ஒரு நன்றி மடல்

சந்தூர், போச்சம்பள்ளி, மத்தூர், பர்கூர் பக்கத்து உறவுகளுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம்.

என் நண்பனுக்குச் சிறுநீரக மாற்று அறுவை நடந்தது, அதற்குக் கைகொடுத்த உங்களுக்கு நன்றி சொல்ல இந்த மடலை எழுதுவது என்று முடிவானதும் முதல் தகராறு பெயர்களில்தான் வந்தது. யார் பெயரைப் போடுவது, யார் பெயர் முதலில் வருவது என்று மூன்று இரவு பேசினோம். கல்யாணப் பத்திரிகையில் ஒரு சித்தப்பா விட்டுப்போனால் இருபது வருடத்துக்குப் பேச்சுவார்த்தை இருக்காது என்பது நமக்குத் தெரியாததா? ஆகவே ஒருவர் பெயரும் இல்லை. படிக்கும்போது யாரைச் சொல்கிறேன் என்று அவரவருக்குத் தெரிந்துவிடும். நோயாளியின் பெயரும் இல்லை, அது அவனே கேட்டுக்கொண்டது. "கன்று வாங்க வருகிறவர்கள் கன்றைப் பார்க்கட்டும், என் வயிற்றைப் பார்க்க வேண்டாம்" என்றான்.

அவனும் நானும் பத்தாம் வகுப்புவரை ஒரே பெஞ்சு. நான் கடை வைத்தேன், அவன் அப்பாவின் மாங்கன்றுப் பண்ணையை எடுத்துக்கொண்டான். ஒட்டுக் கட்டுவதில், அதாவது ஒரு கன்றின் தண்டில் நல்ல மரத்துக் குச்சியைச் சேர்த்துக் கட்டி ஒன்றாக வளர்ப்பதில், கை சுத்தம். நாள் முழுக்கக் குனிந்தே செய்யும் வேலை என்பதால் இடுப்பு வலி கூடவே இருந்தது, மருந்துக் கடையில் கேட்டு வாங்கிய வலி மாத்திரையும் கூடவே இருந்தது. ரத்த அழுத்தத்தை யாரும் அளந்து பார்க்கவில்லை. போன வருடத்துக்கு முந்தைய பங்குனியில் கால் வீங்கியது, செருப்பு ஏறவில்லை. ரத்தப் பரிசோதனையில் கிரியாட்டினின், சிறுநீரகம் வடித்து வெளியேற்ற வேண்டிய கழிவு, 11.4 என்று வந்தது. இருக்க வேண்டியது ஒன்றைச் சுற்றி. ரத்த அழுத்தமும் மாத்திரையும் சேர்ந்து பல வருடமாகச் சிறுநீரகத்தை அரித்திருக்கும் என்று மருத்துவர் சொன்னார். இதைப் படிக்கிறவர்களில் இடுப்பு வலிக்குத் தினமும் மாத்திரை போடுகிறவர்கள் பத்துப் பேராவது இருப்பீர்கள். நாளைக்கே போய் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

அதற்குப் பிறகு 17 மாதம் டயாலிசிஸ், சிறுநீரகத்துக்குப் பதிலாக இயந்திரம் ரத்தத்தைச் சுத்தம் செய்வது. வாரம் மூன்று நாள், ஒவ்வொரு நாளும் நான்கு மணி நேரம். என் நோட்டில் குறித்த கணக்குப்படி 214 தடவை. டெம்போ ஓட்டும் தம்பிக்கு முதல் நன்றி. செவ்வாய், வியாழன், சனி, விடியற்காலை ஐந்து மணிக்கு வாசலில் ஹாரன் அடிக்காமல் வந்து நிற்பான். கிருஷ்ணகிரியில் இறக்கிவிட்டு, வண்டிக்குள்ளேயே கால் நீட்டிப் படுத்து, முடிந்ததும் ஏற்றிக்கொண்டு வருவான். டீசல் தவிர ஒரு பைசா வாங்கவில்லை. ஒருமுறை கையில் திணித்தேன். அன்று மாலை அந்தப் பணம் எங்கள் கடைக் கல்லாப்பெட்டியில் கிடந்தது, எப்போது போட்டான் என்று தெரியவில்லை.

டயாலிசிஸ் என்றால் ஊசி, இயந்திரம் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். உண்மையான கஷ்டம் தண்ணீரில் இருந்தது. ஒரு நாளைக்கு ஒரு லிட்டர். குடிக்கும் தண்ணீர் மட்டும் அல்ல, டீ, மோர், ரசம், கஞ்சி எல்லாம் அந்தக் கணக்குக்குள் வரும். காலையில் ஒரு பாட்டிலில் அளந்து வைத்துக்கொள்வான். டீ குடித்தால் அந்த அளவுக்குப் பாட்டிலிலிருந்து தண்ணீரை எடுத்துச் செடிக்கு ஊற்றிவிடுவான். சித்திரை வெயிலில் மாலை நான்கு மணிக்கே பாட்டில் காலியாகிவிடும். பொட்டாசியம் ஏறக்கூடாது என்று இளநீர், தக்காளி, வாழைப்பழம் எல்லாவற்றுக்கும் தடை. களியைக் குறைக்கச் சொன்னார்கள், நம் பக்கத்து ஆளிடம் இதைச் சொல்வது எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். மாம்பழமும் கூடாது. ஊருக்கெல்லாம் மல்கோவாவும் பெங்களூராவும் கட்டிக் கொடுத்தவன், இரண்டு சீசனைக் கொட்டையைக்கூடச் சப்பாமல் கழித்தான். அவன் எதிரில் வீட்டில் யாரும் பழம் அறுக்கவில்லை. பக்கத்து வீட்டுக் குழந்தைகள்கூடத் தோட்டத்துக் கோடிக்குப் போய்த் தின்றுவிட்டு, வாயைக் கழுவிக்கொண்டு வந்தார்கள். அந்தக் குழந்தைகளுக்கும் இந்த மடலில் பங்கு உண்டு.

பண்ணையை அந்த 17 மாதமும் விழாமல் வைத்திருந்தவர்கள் அங்கே ஒட்டுக் கட்டும் பெண்கள். கூலி இரண்டு மாதம் நின்றபோதும் வந்தார்கள். "நீ ஆஸ்பத்திரியைப் பார், கன்றை நாங்கள் பார்க்கிறோம்" என்று பெரியம்மா ஒருவர் சொன்னது வெறும் ஆறுதல் இல்லை. அந்த வருடம் பட்டுப்போன கன்று முந்தைய வருடத்தைவிடக் குறைவு. அவனுக்கு அதில் மகிழ்ச்சியா வருத்தமா என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை.

மாற்று அறுவைதான் வழி என்று தெரிந்ததும் யார் கொடுப்பது என்ற கேள்வி வந்தது. அவன் ரத்தம் ஓ பாசிட்டிவ், பொதுவாக ஓ வகையிலிருந்துதான் வாங்க முடியும். அம்மாவுக்குச் சர்க்கரை. மனைவிக்கு ஏ. நான் போனேன். 1994ஆம் ஆண்டின் உறுப்பு மாற்றுச் சட்டத்தில் பெற்றோர், பிள்ளைகள், கணவன் மனைவி, உடன்பிறந்தவர்கள்தான் நெருங்கிய உறவு, 2011 திருத்தத்தில் தாத்தா பாட்டியும் பேரப்பிள்ளைகளும் சேர்ந்தார்கள். நண்பனுக்கு அந்தப் பட்டியலில் இடம் இல்லை. பாசத்தால்தான் கொடுக்கிறேன், காசு கைமாறவில்லை என்று தனிக் குழுவின் முன் நின்று சொல்ல வேண்டும். சொல்லத் தயாராகத்தான் போனேன். என் ரத்தம் பி என்று வந்தது. வெளியே வந்து டீக்கடையில் உட்கார்ந்தபோது உடம்பு லேசானதுபோல் இருந்தது. அதற்காக அன்று இரவு தூங்கவில்லை. அவனிடம் பிறகு சொன்னேன். "எனக்குத் தெரியும், உன் முகத்தில் இருந்தது" என்றான். அதோடு விட்டுவிட்டான். அதற்காக அவனுக்கும் ஒரு நன்றி.

இதற்கிடையில் ஒரு தொலைபேசி வந்தது. எங்கள் எண் எப்படிக் கிடைத்ததோ. "ஆள் இருக்கிறது, உறவு என்று பேப்பர் எல்லாம் நாங்களே தயார் செய்துவிடுவோம்" என்று மாட்டுச் சந்தையில் பேசுவதுபோல ஒரு தொகையைச் சொன்னது அந்தக் குரல். இரண்டு தரப்புக்கும் சிறைத் தண்டனை என்பது ஒருபுறம். ஒரு நிமிடம் எனக்குச் சபலம் தட்டியது என்பதையும் மறைக்கவில்லை. நண்பன்தான் போனை வாங்கி, "எவனுடைய கடனோ என் வயிற்றுக்குள் கிடக்க வேண்டாம்" என்று வைத்துவிட்டான்.

கடைசியில் கொடுத்தது அவனுடைய அக்கா. மத்தூர்ப் பக்கம் வாழ்க்கைப்பட்டவர், பள்ளியில் சத்துணவு சமைக்கிறவர். எங்களில் யாரும் அவரிடம் கேட்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை கோழிக்குழம்பு கொண்டுவந்தார், தம்பி தின்னக்கூடாது என்று தெரிந்து அதைத் திரும்ப மூடி வைத்தார், "என் ரத்தமும் ஓதான், பிரசவத்தில் பார்த்தார்கள்" என்றார். மாமா சம்மதிப்பாரா என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். யாருடைய சிறுநீரகத்துக்கு யாருடைய சம்மதம் என்று எனக்குள் எரிந்தது. ஆனால் மாமா வந்தார், ஒரு வார்த்தை பேசாமல் எல்லா இடத்திலும் கையெழுத்துப் போட்டார், அக்கா படுத்திருந்த நாட்களில் தானே சமைத்துப் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பினார். அவருக்கு நான் மனதுக்குள் ஒரு மன்னிப்புக் கடன்பட்டிருக்கிறேன், இங்கேயே கொடுத்துவிடுகிறேன்.

உடன்பிறந்தவர்கள் என்று நிரூபிப்பதுதான் அறுவை சிகிச்சையைவிடப் பெரிய பாடு. பள்ளிச் சான்றிதழில் அக்காவின் இனிஷியல் அப்பாவுடைய "மு". ஆதாரில் கணவருடைய "செ". பெயரில் ஒரு இடத்தில் "ல", இன்னொரு இடத்தில் "ள". இரண்டும் ஒரே ஆள் என்பதற்குச் சான்று, அந்தச் சான்றுக்கு இன்னொரு சான்று. ஓர் அலுவலகத்தில் பதினோரு நாள் அலைந்தோம். "கல்யாணம் ஆனால் இனிஷியல் மாறும் சார், ரத்தம் மாறாது" என்று அக்கா சொன்னபோது அந்த மேசையில் இருந்தவர் தலை நிமிரவே இல்லை. எங்கள் ஊர்க் கிராம உதவியாளர் மட்டும் தன் பைக்கில் அக்காவை ஏற்றிக்கொண்டு, ஒரே நாளில் மூன்று இடத்துக்குப் போய் முத்திரை வாங்கிவந்தார். விடுப்பு நாளில் செய்தார் என்பது பிறகுதான் தெரிந்தது.

முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் சிகிச்சை நடந்தது என்றால், அப்புறம் எதற்குப் பணம் திரட்டினீர்கள் என்று ஓரிருவர் கேட்டிருக்கிறீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான். அறுவைக்குப் பணம் வேண்டியிருக்கவில்லை. சென்னையில் 5 மாதம் தனி அறை எடுத்துச் சுத்தமாக இருக்க வேண்டியிருந்தது, அந்த வாடகை 45,000. வெளியே எடுத்த பரிசோதனைகள் 38,200. 17 மாத டீசலும் சென்னைப் பயணமும் 61,500. சம்பாதிக்கிற இரண்டு பேரும் ஒரே நேரத்தில் படுத்ததால் இரண்டு வீட்டுக் குடித்தனச் செலவு 1,32,000. ஆக 2,76,700. வந்தது 3,86,450. மீதி 1,09,750 ரூபாய் மூன்று பேர் கையெழுத்துப் போட்டு எடுக்கும் கணக்கில் இருக்கிறது, இனிவரும் பரிசோதனைகளுக்கும் பயணத்துக்கும் மட்டும்.

வந்த பணத்தில் 1,12,300 கன்றுகளாக வந்தது. சந்தூர்ப் பண்ணைக்காரர்கள் ஆளுக்குக் கொஞ்சம் கன்று கொடுத்தார்கள், தொழிலில் அவனோடு முறைத்துக்கொண்டவர்கள் உட்பட. ஆடி மாத ஞாயிறுகளில் போச்சம்பள்ளிச் சந்தையில் கடை போட்டு விற்றோம். ஆட்டு வியாபாரி ஒருவர் வந்தார். எதற்காக விற்கிறோம் என்று அட்டையைப் படித்தார். படித்துவிட்டுக் கன்றுக்குப் பத்து ரூபாய் குறைக்கச் சொன்னார். நான் அட்டையைக் காட்டினேன். "படித்தேன் தம்பி. நோய் வேறு, வியாபாரம் வேறு" என்றார். கால் மணி நேரம் பேரம். ஐந்து ரூபாய் குறைத்து நாற்பது கன்று ஏற்றிக்கொண்டு போனார். அடுத்த ஞாயிறும் வந்தார், மறுபடி பேரம், மறுபடி நாற்பது. அதற்கடுத்த வாரம் கூடவே இரண்டு பேரைக் கூட்டிவந்து, "இவன் குறைக்கமாட்டான், ஆனால் கன்று நல்ல கன்று" என்று சொல்லிக்கொடுத்தார். உண்டியலில் பணம் போட்டவர்கள் எல்லாரையும் வணங்குகிறேன். ஆனால் எங்களைப் பரிதாபப்படாமல் கடைக்காரனாக நடத்திய அந்த மனிதர் கொடுத்த தெம்பு தனி.

சித்திரையில் திரௌபதி அம்மன் கோயில் கூத்து. குழுவினர் ஓர் இரவுக் கூலியை அப்படியே விட்டுக்கொடுத்தார்கள். நடுநிசியில் கட்டியங்காரன் வேடமிட்டவர் துரியோதனன் எதிரில் போய் நின்று, "மகாராஜா, நாட்டில் ஐந்து ஊர் கேட்டால் கொடுக்கமாட்டீர், போகட்டும், உம்முடைய ரத்தம் என்ன வகை?" என்றார். கூட்டம் புரண்டு சிரித்தது. அந்தச் சிரிப்போடு துண்டை விரித்தார்கள், 41,750. கூடப் படித்தவர்கள் ஓசூரிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் 1,05,000 அனுப்பினார்கள். மற்ற 1,27,400 கையில் கையில் வந்தது. தொகை நோட்டில் ஏறியிருக்கிறது, பத்து ரூபாயும் ஏறியிருக்கிறது.

ஆவணிக் கடைசியில், சென்ட்ரல் ரயில் நிலையத்துக்கு எதிரே இருக்கும் ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனையில் அறுவை. பழையவை இரண்டையும் எடுப்பதில்லை, புதியதை அடிவயிற்றில் வைத்து ரத்தக் குழாயோடு இணைக்கிறார்கள். அக்காவை ஒரு பக்கம் கொண்டுபோனார்கள், அவனை இன்னொரு பக்கம். மயக்கம் தெளிந்ததும் அக்கா கேட்ட முதல் கேள்வி, "போனானா?" என்பது. சிறுநீர் போனானா என்று. போனான். ஒவ்வொரு மணிக்கும் அளந்து குறிக்கும் செவிலியர் ஒருவர் பரீட்சை மார்க் வாசிப்பதுபோல மில்லிலிட்டரைக் கதவருகே வந்து சொல்வார். முதல் நாள் கணக்கு லிட்டர்களில் வந்தது. அதை ஊருக்குச் செய்தியாக அனுப்பினேன். ஒரு மனிதன் மூத்திரம் பெய்ததற்கு நூற்றுச் சொச்சம் பேர் வாழ்த்துச் சொன்னது எங்கள் ஊராகத்தான் இருக்கும். மருத்துவர்கள், செவிலியர்கள், வார்டைக் கூட்டித் துடைத்தவர்கள் அனைவருக்கும் கைகூப்பு. ரத்தம் கொடுக்க ரயிலேறி வந்த பர்கூர் இளைஞர்கள் ஒன்பது பேருக்கும்.

உடம்பு இதை அந்நியம் என்று தள்ளப் பார்க்கும், அதனால் ஆயுளுக்கும் மாத்திரை உண்டு என்று மருத்துவர் விளக்கியபோது, அவன் குறுக்கே பேசாமல் கேட்டான். பிறகு என்னிடம் சொன்னான்: "ஒட்டுக் கட்டினால் சில மாதத்தில் பாலிதீன் நாடாவை அவிழ்த்துவிடலாம். இந்தக் கட்டை அவிழ்க்கவே கூடாதாம்." காலை எட்டு, இரவு எட்டு, கைப்பேசியில் மணி அடிக்கும். எங்கே இருந்தாலும் பேச்சை நிறுத்திவிட்டு மாத்திரை எடுப்பான். இப்போது கிரியாட்டினின் 1.2.

அக்கா மூன்று மாதம் ஓய்வெடுத்துவிட்டுப் பள்ளிக்குத் திரும்பிவிட்டார். அதுவரை அவருக்காகச் சோறு வடித்தது பக்கத்துப் பள்ளிச் சத்துணவுக்காரர்கள், முறை போட்டு, தங்கள் வேலையும் முடித்துவிட்டு.

பார்க்க வருகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். இன்னும் கொஞ்ச நாளைக்கு அவன் மண்ணைத் தொடக்கூடாது. பண்ணையில் முகக்கவசத்தோடு நாற்காலியில் உட்கார்ந்து, கட்டுகிறவர்களின் கையைப் பார்த்துக் குறை சொல்லிக்கொண்டிருப்பான், பெரியம்மா பதிலுக்குத் திட்டுவார். சளி, காய்ச்சல் இருப்பவர்கள் தயவுசெய்து வேறு நாளில் வாருங்கள். கட்டிப்பிடிக்க வேண்டாம். கணக்கு நோட்டு மேசை மேலேயே இருக்கும், யாரும் எடுத்துப் பார்க்கலாம். பழம் எதுவும் வாங்கிவர வேண்டாம். மா இந்த வருடம் நன்றாகப் பூத்திருக்கிறது. வைகாசியில் ஒரு துண்டு, நன்றாகக் கழுவித் தோல் சீவிச் சாப்பிடலாம் என்று அனுமதி வாங்கி வைத்திருக்கிறான். எந்த மரத்துப் பழம் என்பதையும் இப்போதே முடிவு செய்துவிட்டான், அக்கா வந்த பிறகுதான் அறுப்பானாம்.

இப்படிக்கு,
ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவன்