டிஸ்க் நகர்ந்திருக்கிறது, காலிப்பர் இல்லை

அன்பு மாப்ளே,

உன் கடிதம் நேற்றுதான் கைக்கு வந்தது. மகள் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள் என்று படித்ததும் அவ்வளவு சந்தோஷம், அவளைப் பெட்ரோல் டேங்க் மேல் உட்கார வைத்து நீ சுற்றிக்கொண்டிருந்தது இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. எனக்கு முழங்கால் வலி இப்போது தேவலை. குந்தி உட்கார்ந்து வண்டி வேலை பார்க்க முடிகிறது, அதுவே போதும்.

சரி, உன் வண்டிக்கு வருகிறேன். முன்சக்கரத்துக்குப் புது பேரிங், பிரேக் டிஸ்க், அதைக் கவ்வும் பேட் எல்லாம் மாற்றிய பிறகு, காலிப்பரை (பேடை அமுக்கும் பாகம்) தாங்கும் பிராக்கெட்டின் உள்பக்கத்தில் டிஸ்க் உரசுகிறது, போர்க்குக்கும் (சக்கரத்தைப் பிடித்திருக்கும் கால்கள்) பிராக்கெட்டுக்கும் நடுவில் வாஷர் கொடுத்துவிடலாமா என்று கேட்டிருக்கிறாய். வேண்டாம்டா. பிராக்கெட்டை நீ மாற்றவே இல்லை, அது இருந்த இடத்தில்தான் இருக்கிறது, நகர்ந்தது டிஸ்க். வாஷர் வைத்தால் போல்ட் மரைக்குள் இறங்கும் ஆழம் குறையும், பிராக்கெட் முழுப் பரப்பும் படிந்து உட்காராது, பிரேக் பிடிக்கும்போது மொத்த இழுப்பும் அந்த இரண்டு போல்ட்டில்தான் வந்து நிற்கும். காலிப்பர்தான் அதன் ஸ்லைடு பின்னில் வழுக்கி நகருமே, அதுவே சரியாகிக்கொள்ளாதா என்று தோன்றும். நகர்வது காலிப்பரின் உடம்பு மட்டும்தான். பிராக்கெட் போர்க்கோடு இறுகியது, அது எங்கும் போகாது.

முதலில் பேடைக் கழற்றிவிட்டு (அப்போது மறந்தும் லீவரைப் பிடிக்காதே, பிஸ்டன் வெளியே வந்துவிடும்) சக்கரத்தை மெதுவாகச் சுற்றி, டிஸ்க்குக்கும் பிராக்கெட்டுக்கும் உள்ள இடைவெளியைப் பார். சுற்றச் சுற்ற இடைவெளி கூடிக் குறைந்தால் டிஸ்க் கோணியிருக்கிறது, அல்லது அது உட்காரும் முகத்தில் துருவோ பெயின்ட்டோ இருக்கிறது. பல வண்டிகளுக்குக் கையேட்டில் 0.3 மில்லிமீட்டர் வரைதான் கோணல் அனுமதி. இடைவெளி ஒரே மாதிரி இருந்துகொண்டு ஒரு பக்கம் மட்டும் குறைவாக இருந்தால் டிஸ்க்கைச் சந்தேகப்படாதே, சக்கரமே தள்ளி உட்கார்ந்திருக்கிறது.

எனக்கும் இதேதான் நடந்தது. ஸ்பேசரை (சக்கரத்துக்கும் போர்க்குக்கும் நடுவில் வரும் வளையம்) இடம் வலம் மாற்றிவிட்டேனோ, ஸ்பீடோமீட்டர் கியர் அதன் பள்ளத்தில் உட்காரவில்லையோ என்று இரண்டு நாள் அதையே புரட்டிக்கொண்டிருந்தேன். கடைசியில் சக்கரத்தைக் கழற்றிப் படுக்கவைத்து பேரிங் ஓரத்தில் விரல் நகத்தை ஓட்டினால், ஒரு பக்கம் வழவழவென்று போகிறது, டிஸ்க் பக்கம் நகம் இடறுகிறது. அந்த பேரிங் ஹப்புக்குள் (சக்கரத்தின் நடுப்பகுதி) அது நிற்க வேண்டிய படி வரை போகவே இல்லை, ஒரு மில்லிமீட்டர் வெளியே நிற்கிறது. அது வெளியே நின்ற அளவுக்கு ஸ்பேசர் ஹப்பை உள்ளே தள்ள, கூடவே டிஸ்க்கும் போய்விட்டது. நான் எதிர்ப்பக்க பேரிங்கை முதலில் அடித்து முடித்துவிட்டேன், அதனால் இரண்டு பேரிங்குக்கும் நடுவில் இருக்கும் குழாய் இடித்து இந்தப் பக்கம் நின்றுபோனது. எந்தப் பக்கத்தை முதலில் முழுசாக இறக்க வேண்டும் என்று கையேட்டில் போட்டிருக்கும், என் வண்டிக்கு டிஸ்க் பக்கம்தான். பேரிங்கின் வெளி வளையத்தில் மட்டும் அடி. படியில் போய் உட்கார்ந்ததும் சுத்தியல் சத்தம் கெட்டியாக மாறும், அதைக் காது பிடித்துவிடும்.

அப்புறம் ஆக்ஸில் (சக்கரத்தின் நடுவில் போகும் தண்டு) மாட்டும்போது ஒன்று. ஆக்ஸில் நட்டை இறுக்கிய பிறகு, போர்க் அடியில் ஆக்ஸிலைக் கவ்விப் பிடிக்கும் பின்ச் போல்ட்டைத் தளர்வாகவே விட்டு, முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு போர்க்கை நாலைந்து முறை அமுக்கி விடு. அப்போதுதான் போர்க் கால் தன் இடத்துக்கு வந்து உட்காரும், அதன் பிறகு பின்ச் போல்ட்டை இறுக்கு. ஸ்லைடு பின்னுக்கு சிலிகான் கிரீஸ்தான், சாதா கிரீஸ் பட்டால் ரப்பர் பூட் ஊதிவிடும், பின் இறுகிவிடும். வண்டியை எடுப்பதற்கு முன் லீவர் கெட்டியாகும் வரை பம்ப் செய்ய மறக்காதே.

ஞாயிற்றுக்கிழமை சக்கரத்தைக் கழற்றுவாய் அல்லவா, டிஸ்க் பக்கம் நகம் இடறுகிறதா இல்லையா என்று மட்டும் உடனே எழுது.

உன்
பழைய பின்சீட்டுக்காரன்