தரைத்தளமா, மாடியா என்று விளம்பரத்திலேயே சொல்லலாமே!

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் ஞாயிறு பதிப்பில் வரும் 'ஆட்கள் தேவை' வரி விளம்பரங்களைப் பற்றி எழுதுகிறேன். மாற்றுத்திறனாளிகளுக்கு வேலை கிடைப்பதில்லை என்று தலையங்கத்தில் வருந்துகிறீர்கள். அதே இதழின் உள்பக்கத்தில், அவர்களை வாசலுக்கு வெளியிலேயே நிறுத்திவிடும் விளம்பரங்களும் வருகின்றன. நாட்டைத் திருத்துவதற்கு முன்னால் அந்த ஒரு பக்கத்தைத் திருத்துவது சுலபம் என்று எனக்குத் தோன்றுகிறது.

நான் திருச்சியில் ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் கணக்கு எழுதுகிறவன். சிறுவயதில் போலியோ தாக்கியதால் வலக்காலில் காலிப்பர் என்கிற தாங்குகருவி அணிந்து நடக்கிறேன். எனக்கு வேலை இருக்கிறது. ஆகவே இதை வேலை கேட்டு எழுதும் மனுவாக நினைக்க வேண்டாம். எனக்குத் தெரிந்த மாற்றுத்திறனாளிப் பிள்ளைகள் விளம்பரத்தைக் கத்தரித்துக்கொண்டு வந்து, "அண்ணா, இதற்குப் போகலாமா?" என்று கேட்பார்கள். கடைப் பெயரை நீக்கிவிட்டு ஒன்றை அப்படியே தருகிறேன்:

'கணக்கர் தேவை. டேலி, ஜிஎஸ்டி தெரிந்தவர். டூவீலர், லைசென்ஸ் அவசியம். நேரில் வரவும்.' கீழே ஒரு கைபேசி எண்.

பத்தே சொற்கள்தான். அதற்குள் எத்தனை பேர் கழிந்துபோகிறார்கள் பாருங்கள். உட்கார்ந்த இடத்தில் பில் பதிகிற வேலைக்கு வண்டி எதற்கு? எங்கள் அலுவலகத்துக்கு வருகிற இரும்புக் கடைக்காரர் ஒருவரும் இதே மாதிரி விளம்பரம் கொடுத்திருந்தார். அவரிடமே கேட்டுவிட்டேன். "எப்போதாவது பேங்கில் செக் போட வேண்டியிருக்குமே சார்" என்றார். அவருடைய வரவு செலவில் பெரும்பகுதி கைபேசியிலேயே முடிந்துவிடுகிறது என்பது கணக்கு எழுதுகிற எனக்குத் தெரியாதா? அபூர்வமாக வரும் செக்கைக் கொண்டுபோகக் கடையில் வேறு ஆளும் இருக்கிறார். கெட்ட எண்ணம் எதுவும் அவருக்கு இல்லை. யாரோ முன்பு போட்ட விளம்பரத்தைப் பார்த்து எழுதிக் கொடுத்திருக்கிறார், அவ்வளவுதான். ஆனால் பார்வை குறைந்த ஒரு பி.காம். பட்டதாரி அந்த வரியோடு நின்றுவிடுவார். அரசு இலவசமாக வழங்கும் இணைப்புச் சக்கர ஸ்கூட்டரை உரிமத்தோடு ஓட்டுகிற பெண்கூட, "டூவீலர் என்று போட்டிருக்கிறார்களே, நம் வண்டி அதில் சேருமா?" என்று தயங்கி விலகிக்கொள்கிறார்.

அடுத்தது 'நேரில் வரவும்'. சரி, எத்தனையாவது மாடிக்கு? சக்கர நாற்காலியில் நடமாடுகிற எம்.காம். படித்த பெண் ஒருவர், ஆட்டோ பிடித்துச் சான்றிதழ்களோடு ஓர் அலுவலகத்துக்குப் போனார். செருப்புக் கடைக்கு மேலே இரண்டாம் மாடி. ஆள் ஒருக்களித்து ஏற வேண்டிய படிக்கட்டு. மேலேயிருந்து ஒருவர் இறங்கி வந்து, தெருவில் வைத்தே பயோடேட்டாவை வாங்கிக்கொண்டு, "சொல்லி அனுப்புகிறோம்மா" என்றாராம். டேலி கணக்கு மென்பொருளில் ஒரு பதிவு போடச் சொல்லிக்கூடப் பார்க்கவில்லை. 'இரண்டாம் மாடி, லிஃப்ட் இல்லை' என்று விளம்பரத்திலேயே இருந்திருந்தால் முதல் நாளே பேசி, கீழே எங்காவது நேர்காணலை வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டிருப்பார். ஆட்டோக் கூலியாவது மிஞ்சியிருக்கும்.

கழிப்பறை பற்றியும் சொல்லிவிடுகிறேன். நேர்காணலில் கேட்கக் கூச்சப்படுகிற விஷயம் இது. காலிப்பர் அணிந்தவர் குத்துக்காலிட்டு உட்கார முடியாது. மேற்கத்தியக் கழிப்பறை இல்லாத இடத்தில், காலையிலிருந்து மாலை வரை தண்ணீர் குடிக்காமல் வேலை பார்க்கிற பெண்கள் இருக்கிறார்கள். பிறகு "அடிக்கடி உடம்பு சரியில்லை என்று லீவு போடுகிறாள்" என்று பேச்சு வேறு.

கைபேசி எண் மட்டும் இருந்தால் காது கேளாதவர் என்ன செய்வார்? அக்காவையோ அம்மாவையோ விட்டுப் பேசச் சொல்கிறார். "தம்பிக்குக் காது கேட்காது" என்ற இடத்தில் எதிர்முனை முடித்துக்கொள்கிறது. தம்பிக்கு என்ன வேலை தெரியும் என்பதுவரை பேச்சு போவதே இல்லை. அந்த எண்ணுக்கு வாட்ஸ்அப்பில் செய்தி அனுப்பலாம் என்று ஒரு சொல் சேர்த்தால், அவரே நேராகத் தன் அனுபவத்தை எழுதி அனுப்புவார். பார்வையற்றவருக்கோ தங்கள் இணையப் பதிப்பே தடை. வரி விளம்பரப் பக்கத்தைப் படமாகவே ஏற்றுகிறீர்கள். என்விடிஏ போன்ற இலவசத் திரைவாசிப்பு மென்பொருள் தமிழ் எழுத்துகளை நன்றாகவே வாசிக்கும். படத்தை வைத்துக்கொண்டு அது என்ன செய்யும்? பார்வையற்றவருக்கு நீதிபதி பதவியை மறுக்கக் கூடாது என்று 2025 மார்ச் மாதம் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இங்கே போன் எடுத்துப் பேசுகிற வேலைக்கு என்ன விளம்பரம் வந்திருக்கிறது என்றே அவரால் தெரிந்துகொள்ள முடியவில்லை.

சட்டம் இருக்கிறதே என்பீர்கள். மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016 தரும் 4 சதவீத இட ஒதுக்கீடு அரசு வேலைகளுக்குத்தான். தனியாருக்கு, ஊழியர்களில் குறைந்தது 5 சதவீதம் பேரையாவது இவர்களிலிருந்து எடுக்கும்படி ஊக்கச் சலுகை தரலாம் என்பதோடு நிற்கிறது. ஆனால் தனியார் நிறுவனமும் சமவாய்ப்புக் கொள்கை ஒன்றை எழுதி வெளியிட வேண்டும் என்று 21-ஆவது பிரிவு சொல்கிறது. 20 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் இடமென்றால், இவர்களைத் தேர்ந்தெடுப்பதையும் வசதிகளையும் கவனிக்கத் தொடர்பு அலுவலர் ஒருவரும் இருக்க வேண்டும். நான் கணக்குப் பார்த்த எந்த நிறுவனத்திலும் அப்படியொரு தாளைக் கண்ணால் கண்டதில்லை. ஜிஎஸ்டி தாக்கல் ஒருநாள் தள்ளிப்போனால் துடித்துப்போகிறவர்கள் இவர்கள்.

மாற்றுத்திறனாளிகளுக்கென்று தனி வேலைவாய்ப்பு முகாம்தான் நடக்கிறதே என்கிறார்கள் சிலர். நடக்கட்டும், நல்லதுதான். ஆனால் மற்றவர்கள் வாரந்தோறும் செய்தித்தாளைப் பார்த்து வேலை தேடும்போது, இவர்கள் மட்டும் ஏன் முகாம் எப்போது வரும் என்று காத்திருக்க வேண்டும்? அங்கும் "உதவித்தொகைதான் வருகிறதே" என்று சம்பளத்தில் பேரம் பேசுகிற முதலாளிகள் உண்டு. உதவித்தொகை அரசு கொடுப்பது. அதைத் தம் கணக்கில் கழித்துக்கொள்ள இவர்கள் யார்?

விளம்பரதாரர் காசு கொடுத்துப் போடுவதில் நாங்கள் எப்படித் தலையிடுவது என்று தங்கள் விளம்பரப் பிரிவு கேட்கலாம். மணமக்கள் தேவை விளம்பரத்துக்கு நட்சத்திரம், கோத்திரம் வரை கட்டம் போட்டுக் கேட்டு வாங்குகிறீர்களே! வேலை விளம்பரப் படிவத்தில் எத்தனையாவது தளம், லிஃப்ட் உண்டா, வாட்ஸ்அப்பில் செய்தி அனுப்பலாமா, வண்டி உண்மையிலேயே தேவையா என்று கேட்டால் போதும். அந்தச் சொற்களுக்குக் கட்டணம் வாங்காமல் விட்டுவிடுங்கள். வரிக்குக் காசு என்றால் எந்தக் கடைக்காரரும் முதலில் இவற்றைத்தான் வெட்டுவார். இணையப் பதிப்பில் அந்தப் பக்கத்தை எழுத்தாகவே ஏற்றுங்கள்.

படிவத்தின் மாதிரி ஒன்றை இத்துடன் இணைத்திருக்கிறேன். தங்கள் விளம்பரப் பிரிவினர் தேவையான திருத்தங்களைச் செய்துகொள்ளலாம்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
திருச்சி.