கறுப்பு இன்ஜின்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். நீ அனுப்பிய போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தேன். சிகாகோ பக்கத்து உங்கள் நேப்பர்வில் ஸ்டேஷனில் எப்போதும் பிஎன்எஸ்எஃப் என்ற ரயில் கம்பெனியின் ஆரஞ்சு நிற இன்ஜின்தானே வரும், இந்தக் கறுப்பு எங்கிருந்து முளைத்தது என்று பேரன் கேட்டானாம். கேட்காமல் இருப்பானா, யார் பேரன்!

மூக்கில் குதிரைப் படம் இருக்கிறதல்லவா? அது நார்ஃபோக் சதர்ன், கிழக்குப் பக்கத்துக் கம்பெனி. அங்கே நம் ஊர் மாதிரி ஒரே ரயில்வே கிடையாது. பெரிய சரக்குக் கம்பெனிகள் ஆறு, ஆறும் வந்து கூடுகிற இடம் சிகாகோ. கிழக்கிலிருந்து வரும் வண்டி அங்கே பிஎன்எஸ்எஃப் கைக்கு மாறும்போது, ஒவ்வொன்றுக்கும் இன்ஜினைக் கழற்றி வேறு மாட்டிக்கொண்டிருந்தால் யார்டு அடைத்துக்கொள்ளும். அதனால் பல வண்டிகளை இன்ஜினோடு அப்படியே வாங்கிக்கொள்கிறார்கள். ஆள் மட்டும் மாறுவார்கள்.

சரி, அடுத்த கம்பெனி இன்ஜினை ஓட்டுவதற்கு வாடகை? அதைக் கேட்டபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கணக்கு குதிரைத்திறன்-மணியில். 4000 குதிரைத்திறன் இன்ஜின் அடுத்தவர் தடத்தில் 10 மணி நேரம் ஓடினால் கடன் 40,000 குதிரைத்திறன்-மணி. அதைப் பெரும்பாலும் பணமாகக் கொடுப்பதில்லை. தன் இன்ஜினை அந்தக் கம்பெனித் தடத்தில் ஓடவிட்டே கழித்துவிடுகிறார்கள். அம்மா பக்கத்து வீட்டில் ஒரு டம்ளர் சர்க்கரை கைமாற்று வாங்கி, அதே டம்ளரால் திருப்பி அளப்பாளே, அதேதான்.

ஜோலார்பேட்டையில் நானும் வெளியூர் இன்ஜின் பார்த்தவன்தான். ஈரோடு, அரக்கோணம் ஷெட் (இன்ஜினைப் பராமரிக்கும் இடம்) இன்ஜின்களுக்கு நடுவே ‘கோமோ’ என்று ஷெட் பெயர் எழுதிய ஒன்று ஜார்க்கண்டிலிருந்து கூட்ஸோடு வந்து நிற்கும். எல்லாம் ஒரே முதலாளி வீட்டுச் சொத்து, ஆனாலும் பராமரிப்புக்கான ஷெட்யூல் தேதி நெருங்கினால் தாய் ஷெட்டுக்குத் திருப்பியாக வேண்டும். தேதி தாண்டிய ஒரு இன்ஜின் ஒரு தடவை என் தலையில் விழுந்து, குப்பம் போகிற ஏற்றத்தில் படுத்துவிட்டது. நான்கு மணி நேரம் கும்மிருட்டு. அந்தக் கதையை நேரில் சொல்கிறேன்.

உன்னிடம் சொல்லாத ஒன்று இருக்கிறது. அங்கே வந்திருந்தபோது வாக்கிங் சாக்கில் தினமும் ஸ்டேஷனில் போய் நின்றேனே, அது வண்டி பார்க்க மட்டும் இல்லை. முதல் நாள் ஒரு கூட்ஸ் மெதுவாகக் கிளம்பியது. கண்ணை மூடிக் கேட்டால், நம் ஊர் ஹூப்ளி ஷெட்டின் டபிள்யூடிஜி-4 டீசல் கூட்ஸ் இன்ஜின்! அதே அடிவயிற்று உறுமல். அந்த இன்ஜின் ஜெனரல் மோட்டார்ஸ் வடிவமைப்பு. 710 வகை, 16 சிலிண்டர், டூ ஸ்ட்ரோக். அங்கே ஓடுகிற பல எஸ்டி70 ரக இன்ஜின்களின் வயிற்றிலும் அதுதான். நான் கற்றுக்கொண்ட பழைய ஆல்கோ டீசல் இன்ஜின் ஃபோர் ஸ்ட்ரோக், மூச்சிரைக்கிற மாதிரி இருக்கும். இது தம்பூரா போல நிற்காமல் இழுக்கும். எட்டாயிரம் மைல் தாண்டி வந்து தெரிந்த குரலைக் கேட்டவன் போல நின்றுவிட்டேன். பக்கத்தில் நின்ற வெள்ளைக்காரப் பெரியவர் என்னைப் பார்த்துத் தலையாட்டினார். அவருக்கும் அதே வியாதி போலிருக்கிறது.

பேரனுக்கு ஒரு வேலை கொடு. நார்ஃபோக் சதர்ன் 2012-இல் 20 இன்ஜின்களுக்கு, தன்னோடு கலந்துபோன பழைய கம்பெனிகளின் வண்ணத்தைப் பூசியது. அதில் ஒன்று கண்ணில் பட்டால் அவனுக்கு நூறு ரூபாய். போட்டோவில் கேப் ஜன்னலுக்குக் கீழே இருக்கும் நம்பர் தெரிய வேண்டும், இல்லாவிட்டால் காசு கிடையாது.

அப்புறம், அங்கே மூன்று தடம். கூட்ஸ் போய் முடிந்ததும் தடத்தைத் தாண்டலாம் என்று கிளம்பாதே. அதன் மறைவிலேயே மெட்ரா பயணிகள் வண்டி வரும், சத்தம் கேட்காது. அவன் கையைப் பிடித்துக்கொண்டே நில்.

அன்புடன்,
அப்பா