பிரிந்த கிறீமைக் கலக்கி விற்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

போன கிழமை திருகோணமலை நகரில் ஒரு ஃபேன்சி கடையில், பெயரோ திகதியோ ஒட்டாத சின்ன டப்பாக்களில் முகக் கிறீம் வைத்திருந்தார்கள். ஒன்றைத் திறந்தேன். மேலே மஞ்சளாய் எண்ணெய், அடியில் தண்ணீர். காட்டியதும் கடைக்காரத் தம்பி ஐஸ்கிறீம் குச்சியால் நன்றாகக் கலக்கி, "இப்ப பாருங்கோ அக்கா, எவ்வளவு தடிப்பு" என்று நீட்டினார். பக்கத்தில் நின்ற பிள்ளை அதை வாங்கிக்கொண்டும் போய்விட்டாள்.

இரசாயனவியல் படிப்பிக்கிறவள் நான், இதை எழுதாமல் இருக்க முடியவில்லை. கிறீமும் தேங்காய்ப்பால் மாதிரித்தான், தண்ணீருக்குள் எண்ணெய்த் துளிகள். முதற்பாலைப் பிழிந்து வைத்தால் ஆடை மேலே வந்துவிடும், சொதி கொதித்தால் திரைந்துவிடும். கிறீமில் அப்படி ஆகாமல் எமல்சிபயர் துளிகளைச் சுற்றிப் பிடித்திருக்கும், சாந்தன் கம் போன்ற பசை தண்ணீரைத் தடிப்பாக்கித் துளிகள் ஒன்றோடொன்று சேராமல் வைத்திருக்கும். செட்டைல் அல்கஹோல் என்று லேபிளில் கண்டு பயப்பட வேண்டாம், அது தோலைக் காயவைக்கிற சாராய வகை இல்லை, கிறீமைத் தடிப்பாக்கச் சேர்க்கிற, மெழுகு மாதிரி வெள்ளைக் கட்டி. ஆனால் 50 பாகை செல்சியசுக்குக் கிட்ட உருகிவிடும். கச்சான் காற்று அடிக்கிற வெக்கை நாளில் வெய்யிலில் நிற்கிற வாகனத்துக்குள் கிறீம் கிடந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். ஒருமுறை பிரிந்ததைக் குச்சியால் கலக்கினால் பழைய கட்டு திரும்பாது. கிருமி வராமல் போட்ட மருந்தும் எல்லா இடத்திலும் ஒரே அளவில் இருக்காது.

அப்புறம் இந்தத் தடிப்பு. கார்போமர் என்ற தூளைத் தண்ணீரில் நூற்றுக்கு அரைப் பங்கு போட்டு, அதன் அமிலப் புளிப்பை முறிக்கக் கொஞ்சம் இரசாயனக் காரமும் விட்டால் போதும், வெறும் தண்ணீரே ஜெல்லியாகிவிடும். ஆகவே தடிப்பை வைத்துத் தரம் சொல்ல முடியாது. எங்கள் வீட்டுப் பிள்ளை நிலாவெளியில் கடல் குளித்த கையோடு கற்றாழை ஜெல் பூச, அது தண்ணியாய் வழிந்தது. போலிச் சாமான் என்று எறியப் போனாள். தோலில் இருந்த உப்புத்தான் காரணம். உப்புப் பட்டால் கார்போமர் பிடித்துவைத்த தண்ணீரை விட்டுவிடும். நல்ல தண்ணீரில் கழுவிப் பூசினாள், சரியாக நின்றது.

லேபிள் இல்லாத டப்பாவை வாங்காதீர்கள். நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையினர் எங்கள் நகரக் கடைகளையும் ஒருமுறை வந்து பார்க்க வேண்டும். அந்த டப்பாக்கள் நேற்றும் வெய்யில் படுகிற தட்டிலேயே இருந்தன.

உவர்மலை வாசகி,
திருகோணமலை