இன்ஜினை அணைக்கும் முன் 121.5-ஐக் கேளுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சிறிய விமானங்களின் ரேடியோ, மின்னணுக் கருவிகளைப் பழுதுபார்ப்பதில் 31 ஆண்டுகள் வேலை செய்து ஓய்வுபெற்றவன் நான். விமானம் ஓட்டப் பழகும் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்ல வேண்டும்.

வால் பகுதிக்குள் ஆரஞ்சு நிறத்தில் ஒரு பெட்டி இருக்கும். இ.எல்.டி. என்போம்; விபத்து நடந்த இடத்தைக் காட்டிக்கொடுக்கும் அவசர ஒலிபரப்பி. விமானம் மோதினால், அந்த அதிர்ச்சியில் தானாகவே விழித்துக்கொண்டு 406 மெகாஹெர்ட்ஸில் செயற்கைக்கோளுக்குச் செய்தி அனுப்பும். தேடி வருபவர்கள் கிட்டே நெருங்குவதற்காக 121.5 மெகாஹெர்ட்ஸ் அவசர அலைவரிசையிலும் கூவும். விபத்துதான் நடக்க வேண்டும் என்றில்லை. சில சமயம் மாணவர் விமானத்தைத் தரையில் தடாலென்று வைத்தாலே போதும்.

ஒருநாள் அப்படித்தான் ஆயிற்று. சாயங்காலம், எல்லோரும் வீட்டுக்குப் போய்விட்டார்கள். பெங்களூரில் இஸ்ரோவின் மையத்துக்கு சிக்னல் எட்டி, அங்கிருந்து சுற்றி வளைத்து எங்களுக்குத் தகவல் வந்தது. கை ரேடியோவோடு ஹேங்கருக்குள் ஒவ்வொரு விமானமாகப் போனேன். மேலிருந்து கீழே வழுக்கி இறங்கும் அந்த ஊளை, நான்காவது விமானத்தருகே காதைத் துளைத்தது. இரண்டு மணி நேரமாகக் கத்தியிருக்கிறது, பாவம். பேட்டரியை மாற்ற வேண்டியதாயிற்று. இன்ஜினை அணைக்கும் முன் ரேடியோவை 121.5-இல் வைத்து அரை நிமிடம் காது கொடுத்திருந்தால் அங்கேயே தெரிந்திருக்கும்.

அப்புறம் சிலர் பயந்துபோய் பெட்டியின் சுவிட்சை 'ஆஃப்'பில் தள்ளிவிட்டு மறந்துவிடுகிறார்கள். அது இதைவிட மோசம்; விபத்தே நடந்தாலும் பெட்டி விழிக்காது.

சிக்னல் எட்டாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஒன்று சொல்கிறேன். 2010 ஆகஸ்ட் 9 அன்று அலாஸ்காவில் அமெரிக்க முன்னாள் செனட்டர் டெட் ஸ்டீவன்ஸ் சென்ற விமானம் மலைச்சரிவில் மோதியது. அவரோடு சேர்த்து ஐந்து பேர் இறந்தார்கள், நால்வர் பிழைத்தார்கள். பெட்டி விழித்துக்கொள்ளத்தான் செய்தது. ஆனால் தாங்கியிலிருந்து கழன்று ஆன்டெனாவை விட்டுப் பிரிந்ததால் சிக்னல் யாருக்கும் எட்டவில்லை. காயம்பட்டவர்கள் மணிக்கணக்கில் அந்தச் சிதைவுக்குள் கிடந்தார்கள்.

பெட்டியைப் பிடித்திருக்கும் பட்டையையும் ஆன்டெனா கேபிளையும் ஆண்டுப் பரிசோதனையில் எங்களைப் போன்றவர்கள் இழுத்துப் பார்ப்போம். தினமும் சுவிட்ச் 'ஆர்ம்' நிலையில் (மோதினால் தானாக விழிக்கத் தயாராக) இருக்கிறதா என்று பார்க்க வேண்டியது பைலட்தான். புறப்படும் முன் சுவிட்ச், அணைக்கும் முன் 121.5. இந்த இரண்டு வரிகளையும் பயிற்சிப் பள்ளிகள் செக்லிஸ்ட்டில் தடித்த எழுத்தில் அச்சடித்துக் கொடுக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இன்னொன்று: விமானம் கைமாறினால் பெட்டியின் உரிமையாளர் பதிவையும் மாற்றுங்கள். இல்லாவிட்டால் அவசர நேரத்தில் போன் பழைய உரிமையாளருக்குத்தான் போகும்.

ஓய்வுபெற்ற விமான ரேடியோ டெக்னீஷியன்,
பல்லாவரம்