அக்காவுக்கு, லண்டனிலிருந்து

அன்புள்ள அக்காவுக்கு,

கர்த்தருடைய கிருபையால் நான் இங்கே சுகம். நீயும் பிள்ளைகளும் எப்படி இருக்கிறீர்கள்? இங்கே குளிர் கூடிவிட்டது. சாயங்காலம் நாலு மணிக்கே இருட்டிவிடுகிறது. மற்றபடி அறை, சாப்பாடு எல்லாம் சரியாக இருக்கிறது.

போனில் நீ கேட்டதை நினைத்துக்கொண்டே இருக்கிறேன். "நான் என்ன பாவம் செய்தேன், ஏன் அவரை எடுத்துக்கொண்டார்?" என்று கேட்டாய். துக்கத்துக்கு வந்த ஒருவர், அத்தான் பரலோகத்தில் இருக்கும்போது அழுவது விசுவாசக் குறைவு என்றாராமே. எனக்கு மனசே ஆறவில்லை.

அக்கா, லாசருவின் கல்லறைப் பக்கத்தில் இயேசு அழுதார். செத்துப்போன அவனைக் கொஞ்ச நேரத்தில் உயிரோடு எழுப்பப் போகிறோம் என்று தெரிந்தே அழுதார். அழுத அவன் சகோதரிகள் மார்த்தாளையும் மரியாளையும் அவர் அதட்டவில்லை. பவுலும் துக்கப்படவே கூடாது என்று எழுதவில்லை. நம்பிக்கையில்லாதவர்களைப் போலத் துக்கப்படாதீர்கள் என்றுதான் தெசலோனிக்கேயருக்கு எழுதினார். நீ நன்றாக அழு.

பாவம் என்ற கேள்வியைச் சீஷர்களே கேட்டிருக்கிறார்கள், பிறவிக் குருடனைக் காட்டி. அவனும் பாவம் செய்யவில்லை, அவனைப் பெற்றவர்களும் செய்யவில்லை என்று இயேசு சொல்லிவிட்டார். நம் டோனாவூரில் மிஷனரி ஏமி கார்மைக்கேல் அம்மா 1931-ல் விழுந்து அடிபட்டவர், 1951-ல் இறக்கும்வரை பெரும்பாலும் படுக்கையில்தான் இருந்தார். அத்தனை பிள்ளைகளை எடுத்து வளர்த்தவருக்கு அது தண்டனை என்று யாராவது சொல்வோமா? ஏன் என்று எனக்கும் தெரியாது அக்கா. தண்டனை இல்லை என்பது மட்டும் தெரியும்.

நான் வேலை பார்ப்பது, இனிக் குணமாக வழியில்லை என்றானவர்களைக் கடைசிவரை பார்த்துக்கொள்ளும் இல்லம். இப்படிப்பட்ட இல்லங்களுக்கு வழிகாட்டியது 1967-ல் இதே லண்டனில் சிசிலி சாண்டர்ஸ் தொடங்கிய செயின்ட் கிறிஸ்டோபர்ஸ். நர்ஸாக இருந்து, அப்புறம் டாக்டருக்குப் படித்தவர், ஆழ்ந்த விசுவாசி. வலி திரும்பட்டும் என்று காத்திருக்காமல், வேளை தவறாமல் முன்கூட்டியே மருந்து கொடுக்க வேண்டும் என்று கற்றுக்கொடுத்தார். பரலோகத்தை நம்பினவர் பூமியில் படும் வலியை லேசாக எண்ணவில்லை. எனக்கு இது பெரிய பாடம்.

போன வாரம் ஒரு பாட்டிக்குச் சின்னப் பஞ்சுக் குச்சியால் உதட்டை நனைத்துக்கொண்டிருந்தேன். தண்ணீர் விழுங்க முடியாத நிலை. என் விரலைப் பிடித்துக்கொண்டு, "அங்கே என் வீட்டுக்காரரை எனக்கு அடையாளம் தெரியுமா?" என்று மெதுவாகக் கேட்டார். உயிர்த்த இயேசுவைத் தோட்டக்காரர் என்று நினைத்த மகதலேனா மரியாள், அவர் தன் பேரைச் சொல்லிக் கூப்பிட்டதும் தெரிந்துகொண்டாளே, அதைச் சொன்னேன். பாட்டி கண்ணை மூடிக்கொண்டு தன் பேரைத் தானே ஒரு தரம் சொல்லிப் பார்த்தார்.

உயிர்த்த இயேசுவின் கையில் ஆணிக் காயம் அப்படியே இருந்தது, தோமா பார்த்தான். பொரித்த மீன் வாங்கிச் சாப்பிட்டார். அதனால் பரலோக நம்பிக்கை என்றால் எனக்கு மேகமும் வீணையும் நினைவுக்கு வருவதில்லை. களக்காட்டு வயலில் வாழைக்கறை ஏறின அத்தானின் கையை, வலியில்லாத கையாக, மறுபடி பிடித்துக் குலுக்குவோம் என்றுதான் நம்புகிறேன். கண்ணீரையெல்லாம் தேவன் துடைப்பார் என்று வெளிப்படுத்தலில் இருக்கிறதே, துடைக்க வேண்டுமானால் நாம் அழுதிருக்க வேண்டும் அல்லவா.

பெரியவன் சரியாகச் சாப்பிடுகிறானா? அவனும் அப்பாவைப் பற்றிப் பேசட்டும், தடுக்காதே. பிரஷர் மாத்திரையை நீ விட்டுவிடாதே. முதல் வருஷ நினைவு ஜெபத்துக்கு லீவு எழுதிக் கொடுத்திருக்கிறேன், கிடைத்ததும் டிக்கெட் போடுகிறேன். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வீட்டுக்கு வந்ததும் மிஸ்டு கால் கொடு, நான் கூப்பிடுகிறேன்.

உன் அன்புத் தங்கை