நிறம் மாறும் தங்கத் துகள்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்க நுண்துகள்களைக் கொண்டு ஒரு சொட்டு ரத்தத்திலேயே புற்றுநோயைக் கண்டுபிடித்துவிடலாம் என்னும் செய்திகள் அடிக்கடி வெளியாவதால், காரைக்குடிப் பக்கம் அந்தப் பரிசோதனை எந்த லேபில் கிடைக்கும் என்று பலரும் விசாரிக்கத் தொடங்கிவிட்டனர்.

சுமார் 13 நானோமீட்டர் (ஒரு நானோமீட்டர் என்பது மில்லிமீட்டரில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு) அளவுள்ள தங்கத் துகள்கள் நீரில் தனித்தனியே மிதக்கும்போது கரைசல் மாதுளைச் சாறு போலச் சிவந்திருக்கும். அவற்றின்மேல் பொருத்திய டி.என்.ஏ. இழைகள் தமக்குப் பொருந்தும் மரபணு வரிசையோடு பிணைந்தால், துகள்கள் நெருங்கி வந்து நிறம் ஊதாவாகவோ நீலமாகவோ மாறிவிடும். 1996இலேயே அமெரிக்க ஆய்வாளர்கள் காட்டிய வழி இது. ஆனால், நோயின் தொடக்க நிலையில் ரத்தத்தில் மிதக்கும் டி.என்.ஏ.வில் புற்றுக்கட்டியின் பங்கு ஆயிரத்தில் ஒன்றுக்கும் குறைவாக இருக்கக்கூடும். புற்றுநோயைக் காட்டும் மரபணு மாற்றங்களான பிறழ்வுகளில் பலவும் டி.என்.ஏ. வரிசையில் ஓர் எழுத்து மாற்றம் மட்டுமே என்பதால், இயல்பான டி.என்.ஏ.விலிருந்து அவற்றைப் பிரித்தறிவது கடினம். போதாததற்கு, ரத்தத்திலுள்ள உப்பே துகள்களைத் திரளச் செய்து பொய்யான நிறமாற்றத்தைத் தந்துவிடக்கூடும் (பள்ளி ஆய்வகத்திலேயே இதைச் செய்து காட்டலாம்).

எனவே, இத்தகைய செய்திகளை வெளியிடும்போது, சோதனை நடந்தது ஆய்வகக் கரைசலிலா, நோயாளிகளின் ரத்தத்திலா என்பதையும், திசுப் பரிசோதனையை (பயாப்சி) தள்ளிப்போடக் கூடாது என்பதையும் சேர்த்து அச்சிட வேண்டுகிறேன். வள்ளல் அழகப்பர் நிலமும் நிதியும் தந்து காரைக்குடிக்கு வரவழைத்த மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனத்தின் அறிவியலாளர்களிடம் இதுபற்றித் தமிழில் ஒரு விளக்கக் கட்டுரை கேட்டு வாங்கினால் இன்னும் நல்லது.

இப்படிக்கு,
வேதியியல் ஆசிரியர் ஒருவர்,
கோட்டையூர்.